காவலூர் கண்ட வானியல் அறிஞர்

வேலூரை அடுத்த சத்துவாச்சாரி வழியே மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, தோல் தொழிலாற் பெயர்பெற்ற ஆம்பூரையும் வாணியம்பாடியையும் அடைகின்றது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சென்றால் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைக் காணலாம். இச்சிற்றூரை உலகறியச் செய்த பெருமை வானியல் அறிஞர் வைணு பாப்புவைச் சாரும்.

பாப்பு 1927ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஹைதராபாத் நிசாமியா வானாய்வகத்திற் பணிபுரிந்தவர். ஆதலின் பாப்புவுக்கு இளமையிலேயே வானியலில் வேட்கை மிகுந்தது. உயர்கல்வி பெற அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்ற அவர், 1949இல் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அஃது அவர் பெயரையும் உடனுழைத்தார் இருவர் பெயரையும் தாங்கி விளங்குகின்றது. சிலவகை விண்மீன்களின் நிறமாலையில் கால்சியம் தோற்றுவிக்கும் கோட்டின் அகலத்தை அளந்தே அவற்றின் உண்மை ஒளிர்வை அறியலாம் என்பதனை, வில்சன் என்னும் அறிஞருடன் கூடி 1957இல் வெளியிட்டார்.

அயல்நாட்டிற் புகழ் பெற்றும் பாப்பு தாயகத்திலேயே பணிசெய்ய விழைந்தார். 1960இல் கோடைக்கானல் வானாய்வகத்தின் தலைவரானார். இரவில் விண்மீன்களை ஆராய்தற்கேற்ற இடத்தை நாடித் தேடிக் காவலூரைத் தேர்ந்தார். ஆங்கு 1968இல் நம் நாட்டிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு பணி தொடங்கிற்று. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனஸ் கோளைச் சூழ்ந்த வளையங்களின் அடையாளம் காவலூரிலும் பதிவாயிற்று.

பெரிய தொலைநோக்கியையும் நம்மவரே ஆக்குதல் வேண்டும் என்பது பாப்புவின் பெருவிருப்பம். 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியின் பணி தொடங்கியது; அது முற்றுப்பெறுமுன், உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்தபோதே, 1982இல் மியூனிக் நகரில் அவர் மறைந்தார். 1986இல் அத்தொலைநோக்கிக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது.

மலைமேல் எத்துணைப் பெரிய கருவியை நிறுவினும், எக்ஸ் கதிர்களையும் புறஊதாக் கதிர்களிற் பெரும்பகுதியையும் காற்றுமண்டலம் தடுத்துவிடும். அவற்றை ஆராயும் கருவிகளைச் செயற்கைக்கோளில் ஏற்றி விண்ணுக்கு அனுப்புதல் வேண்டும். அமெரிக்கா 1972இல் கோப்பர்நிக்கஸ் என்னும் செயற்கைக்கோளை அவ்வாறு அனுப்பிற்று. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்தது. அதன் இரட்டைப் புறஊதாத் தொலைநோக்கிகளை உருவாக்குவதில் முன்னின்றது, பாப்பு வளர்த்த இந்திய வானியற்பியல் நிறுவனமே. அவை ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர். காவலூரின் முதற் கருவியின் அளவும் அதுவே. கையிலுள்ள சிறு கருவியைக் கொண்டு தொடங்கிய அவர் முயற்சி, விண்ணிற் கருவி நிறுவும் ஆற்றலாக வளர்ந்தது.