விண்ணேறிய வீராங்கனை கல்பனா சாவ்லா

மலைமீது வாழும் நமக்கு வானம் அயலன்று. அதிகாலையிற் கொழுந்துக் கூடையுடன் மலையேறும் தாய்மார் முகிலினூடே நடக்கின்றனர். ஆயினும், அவ்வானையே தன் தொழிற்களமாகக் கொள்ளலாம் என்னும் துணிவு நம் பெண்மக்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. அது வாய்க்கப்பெற்ற ஒரு பெருமாட்டியின் வரலாற்றை இம்மலரிற் கூற விழைகின்றேன்.

இன்றைய அரியானா மாநிலத்துக் கர்னால் என்னும் ஊரில் 1962ஆம் ஆண்டு கல்பனா பிறந்தார். நாட்டுப் பிரிவினையின்போது இடம்பெயர்ந்து வந்து, உழைப்பால் உயர்ந்த குடும்பம் அவருடையது. அவ்வூர்ப் பறப்புக் கழகத்தின் சிறு விமானங்களைக் கண்டே அவர் உள்ளத்தில் வேட்கை முளைத்தது. சண்டிகார் பஞ்சாப் பொறியியற் கல்லூரியில் விமானப் பொறியியலை அவர் தேர்ந்தபோது, அது பெண்ணுக்கு ஏற்ற துறையன்று எனத் தடுத்தோர் உண்டு. அவர் பின்வாங்கினாரல்லர். 1982இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். டெக்சாஸில் 1984இல் முதுமாணிப் பட்டமும், கொலராடோவில் 1988இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அவ்வாண்டே நாசாவின் ஏம்ஸ் நிலையத்தில் ஆய்வுப்பணி தொடங்கி, 1994 இறுதியில் விண்வெளி வீரராகத் தெரிவானார்.

1997 நவம்பர் 19ஆம் நாள் கொலம்பியா ஓடத்தில் அவர் விண்ணேறினார். இந்தியாவிற் பிறந்த பெண்களுள் விண்வெளி கண்டவர் அவரே முதல்வர். அப்பயணத்தில், இயந்திரக் கையால் அவர் வெளியே விட்ட ஸ்பாட்டன் என்னும் ஆய்வுக்கோள் நிலைதடுமாறிற்று. சக வீரர் இருவர் வெளியே சென்று அதனைக் கைகளாற் பற்றி மீட்டனர். பழி கல்பனாவை நோக்கி எழுந்தது. பின்னர் நிகழ்ந்த விசாரணையோ, மென்பொருளிலும் வகுக்கப்பட்ட நடைமுறைகளிலும் இருந்த குறைகளே காரணமெனக் கண்டு அவரை விடுவித்தது. அவரும் மனந்தளராது பணி தொடர்ந்து, மீண்டும் பயணத்துக்குத் தெரிவானார். கணிதப் பரீட்சையில் ஒருமுறை தவறியதும், படிப்பு நமக்கு விதிக்கப்படவில்லை என்று கொழும்புக்கு வேலை தேடிச் செல்லும் மாணவியரைக் காணுந்தோறும் இந்நிகழ்ச்சியே என் நினைவில் எழுகின்றது.

2003 சனவரி 16ஆம் நாள் அதே ஓடத்தில் அறுவருடன் மீண்டும் புறப்பட்டார். ஏறுகையில் எரிபொருட் கலத்தின் நுரைக்காப்புத் துண்டொன்று பெயர்ந்து இடச்சிறகைத் தாக்கிற்று. பதினாறு நாள் ஆய்வு முடித்துப் பெப்ருவரி 1ஆம் நாள் திரும்புகையில், அவ்வூறின் வழியே கடுவெப்பம் உட்புகுந்து ஓடம் சிதைந்தது. தரையிறங்கப் பதினாறு நிமிடமே எஞ்சியிருந்த வேளையில் எழுவரும் உயிர்நீத்தனர். கல்பனாவுக்கு அப்போது வயது நாற்பது.

இந்தியா தன் வானிலைச் செயற்கைக்கோளுக்குக் கல்பனா-1 எனப் பெயர் சூட்டியது. தமிழ்நாட்டரசு துணிவுமிக்க பெண்களுக்கு அவர் பெயரால் விருது வழங்கி வருகின்றது. எனினும், பழைய மாணவராகிய நாம் சிறப்பாகப் போற்றத்தக்கது மற்றொன்று. புகழுற்ற பின்னும் அவர் கர்னாலில் தாம் பயின்ற பள்ளியை மறந்தாரல்லர். அதன் மாணவர் நாசாவின் கோடைகாலப் பயிற்சிக்குச் செல்ல வழிசெய்தார். லயத்திலிருந்து கல்வியால் உயர்ந்தோர் நம்மிடையே பலர். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தோட்டத்துச் சிறுமியின் படிப்பு இடையில் நின்றுவிடாது காப்பாராயின், அதுவே இவ்விழாவின் மெய்ப்பயனாகும்.