மைக்கேல் பாரடே: பிழையைத் தேடிய பேரறிஞர்

மின்னாக்கிகளுக்கு அடிப்படை வகுத்த அறிவியலறிஞர் மைக்கேல் பாரடே, 1791-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். எழுத்தும் எண்ணும் கற்றதோடு அவரது பள்ளிப்படிப்பு முடிவுற்றது. பதினான்காம் வயதில் இலண்டனில் நூற்கட்டுக் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களையே படித்து அறிவு பெற்றார். 1813-இல் ராயல் நிறுவனத்தில் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் உதவியாளரானார். டேவியுடன் ஐரோப்பியப் பயணம் சென்றபோது, டேவியின் துணைவியார் அவரைப் பணியாளாகவே நடத்தினார். அந்தச் சிறுமையையும் பொறுத்துக்கொண்டு அவர் கற்றார்.

அன்னாரின் கண்டுபிடிப்புகளை நம் இளைஞர்கள் பாடநூலில் படித்திருப்பர். அவர் முடிவு கண்ட முறையை மட்டும் இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

காந்தத்தால் மின்னோட்டம் பிறக்குமா என்று பலர் ஆராய்ந்தனர். 1825-இல் ஜெனீவாவில் கொலாடன் என்பார் கம்பிச் சுருளினுள் காந்தத்தைச் செலுத்தினார். காந்தம் முள்ளைப் பாதிக்கலாகாது என்று கருதி, மின்னோட்டங்காட்டியை அடுத்த அறையில் வைத்திருந்தார். அவர் நடந்து சென்று பார்ப்பதற்குள் முள் அசைந்து நின்றுவிட்டது. ஒரு பிழையைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடே மற்றொரு பிழைக்கு வித்தாயிற்று!

பாரடேயின் தொடக்கச் சோதனைகளும் பயன் தரவில்லை. 1831 ஆகஸ்டு 29-ஆம் நாள், இரும்பு வளையமொன்றில் இரு சுருள்களைச் சுற்றி, ஒன்றை மின்கலத்தோடு இணைத்தார். மற்றதனோடு தொடர்புடைய காந்த ஊசி, இணைத்தபோதும் துண்டித்தபோதும் மட்டும் ஒரு கணம் அசைந்தது. அக்கண அசைவைத் தற்செயலென்று அவர் தள்ளிவிடவில்லை. சோதனையைப் பலவாறு மாற்றிச் செய்து, காந்த விளைவு மாறும்போதே மின்னோட்டம் தூண்டப்படுகிறது என்று முடிவு கண்டார்.

1853-இல், பலர் கைவைத்தால் மேசை தானே நகர்கிறது, அது ஆவிகளின் செயல் என்று மக்கள் நம்பினர். பாரடே கைகளுக்கும் மேசைக்கும் இடையே அட்டைகளை மெல்லிய பசையால் அடுக்கி வைத்தார். மேசைக்கு முன்னர்க் கைகளே நகர்ந்தன என்பதை அட்டைகள் காட்டிவிட்டன. அவர்கள் பொய்யரல்லர், தம் கையின் தள்ளுதலைத் தாமே அறியாதவர்கள். பிழை கருவியில் மட்டுமன்று, காண்போர் விருப்பத்திலும் உறைகின்றது.

தம் விருப்பத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. புவியீர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்புண்டு என உறுதியாக நம்பி, 1849-இல் சோதனைகள் செய்தார். தொடக்கத்தில் கண்ட சிறு அசைவுகள் பிற காரணங்களால் எழுந்தவை என்று கண்டறிந்தார். நம்பிக்கை தளரவில்லை, ஆயினும் சான்று கிட்டவில்லை என்றே உலகுக்கு அறிவித்தார்.

மாணவச் செல்வங்களே! பாடநூல் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ப அளவீடுகளைத் திருத்துவது அறிவியல் ஆகாது. கண்டதைக் கண்டவாறு குறியுங்கள். விடை வேறுபட்டால் கருவி, சூழ்நிலை, கவனம், விருப்பம் ஆகிய நான்கிலும் பிழையைத் தேடுங்கள். சான்று எவ்வளவோ, முடிவும் அவ்வளவே.

பிறப்பை வைத்து மனிதரின் அறிவை அளப்பதும் சோதனையின்றி எழுதப்பட்ட முடிவேயாகும். அம்முடிவை நூற்றாண்டுகளாக நம்மீது சுமத்தினர். 1867-இல் மறைந்த அக்கொல்லர் மகனின் வாழ்வு அதனைப் பொய்யாக்கிற்று. நம் பிள்ளைகளும் தம் கல்வியால் அதனைப் பொய்யாக்குவார்களாக!