புலி வயிற்றில் பைப் ஆர்கன்: தருமபுரியைப் பறிகொடுத்த திப்புவின் கதை

பைப் ஆர்கன் என்றதும் பெரிய தேவாலயமும், சுவரையே மறைத்து நிற்கும் குழாய்களும்தான் நினைவுக்கு வரும். திப்பு சுல்தானிடமும் ஒன்று இருந்தது. அது இருந்த இடம் ஒரு மரப்புலியின் வயிறு. கீழே மல்லாந்து கிடக்கும் ஐரோப்பியரின் கழுத்தை அந்தப் புலி கவ்விக்கொண்டிருக்கும்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கதை தருமபுரி பக்கமும் வருகிறது.

திப்பு பிறந்தது 1750-ல், பெங்களூரு அருகே தேவனஹள்ளியில். அப்பா ஹைதர் அலி. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளுக்கு அப்போது பாராமகால் என்று பெயர். ஹைதர் காலத்தில் அது மைசூரின் கைக்கு வந்தது. மைசூர் மேட்டிலிருந்து தமிழகச் சமவெளிக்கு இறங்க இதுதான் வழி. 1767-ல், 17 வயதைத் தொடும்போதே, திப்பு குதிரைப்படையோடு சென்னை புறநகர் வரை வந்து மிரட்டிவிட்டுப் போனார். 1780-ல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்து நொறுக்கினார். உதவிக்கு வரவேண்டிய ஹெக்டர் மன்றோ, பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவாலயங்களுக்கு என்ன ஆனது?

1782-ல் ஹைதர் இறந்தார், திப்பு அரசரானார். கோவாவிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் குடிபெயர்ந்து வந்து மங்களூர் கரையில் வேரூன்றியவர்கள் கொங்கணி பேசும் கத்தோலிக்கர்கள். போரில் ஆங்கிலேயருக்கு உதவினார்கள் என்று சந்தேகப்பட்டு, 1784-ல் அவர்களில் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வழியிலும் சிறையிலும் பலர் இறந்தார்கள். மங்களூர் மிலாக்ரஸ் உட்படப் பல தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. திப்புவை எவ்வளவு நேசித்தாலும், இதற்குச் சமாதானம் சொல்வது கஷ்டம்.

அதே திப்பு, 1787-ல் புதுச்சேரியிலிருந்து கப்பலில் தூதர்களை அனுப்பி, கத்தோலிக்க மன்னரான பதினாறாம் லூயியிடம் நட்பு கேட்டார். படை உதவி பெரிதாகக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் கேட்டதில் இன்னொன்றும் உண்டு: கைத்தொழில் தெரிந்த ஆட்கள். இயந்திரங்கள் என்றால் அவருக்கு அப்படி ஒரு ஆர்வம்.

1792-ல் தோற்றார். ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாதி ராஜ்யம் போனது. கூடவே 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடு. பணம் வந்து சேரும்வரை இரண்டு சின்ன மகன்களைப் பிணையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பாராமகாலும் கம்பெனிக்குப் போனது. தருமபுரியில் வரி நிர்வாகம் பார்க்க வந்து ஏழு வருஷம் இருந்தவர் தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடலில் குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். ஹெக்டர் மன்றோ வேறு ஆள். 1792 டிசம்பரில், வங்காளத்தின் சாகர் தீவில், அந்த ஹெக்டரின் மகனைப் புலி அடித்துக் கொன்றது. மரப்புலிக்கு இந்தச் சம்பவம்தான் தூண்டுதல் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் சிம்மாசனம், பீரங்கி, படைவீரர் உடை என எல்லாவற்றிலும் புலிச் சின்னம் போட்ட மனிதருக்கு வெளியிலிருந்து தூண்டுதல் தேவைப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

எப்படி வேலை செய்கிறது?

ஹார்மோனியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். துருத்தி காற்றை அடைத்து வைக்கும், கட்டையை அழுத்தினால் காற்று வெளியேறும். ஹார்மோனியத்தில் அந்தக் காற்று உலோக நாக்குகளை அதிர வைக்கும். பைப் ஆர்கனில் புல்லாங்குழல் மாதிரி குழாய்களுக்குள் ஓடும். குழாய் நீளமானால் சுருதி இறங்கும். 1790-களில் செய்யப்பட்ட இந்தப் புலி சுமார் 1.78 மீட்டர் நீளம். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் தந்தத்தால் செய்த 18 கட்டைகள். வெளியே ஒரு கைப்பிடி; அதைச் சுற்றினால் துருத்திகள் இயங்கும், மனிதரின் கை ஏறி இறங்கும், அவர் அலறுவார், புலி உறுமும். மரவேலையும் வண்ணமும் மைசூர் பாணி. இயந்திரத்தில் பிரெஞ்சுக் கை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஐரோப்பாவில் ஆராதனைப் பாட்டுக்குத் துணை வந்த கருவி, இங்கே ஐரோப்பியரின் சாவுக்குப் பின்னணி இசையானது.

1799 மே 4 அன்று, ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டைச் சண்டையில் திப்பு கொல்லப்பட்டார். அரண்மனையில் இசைக்கருவிகள் வைத்திருந்த அறையில் புலி சிக்கியது. உயிர் பிழைத்த கத்தோலிக்கர்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிதறிக்கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்க்க பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா வந்தார். மிலாக்ரஸ் 1811-ல் மறுபடி எழுந்தது. வேலூர் கோட்டையில் வைக்கப்பட்ட திப்புவின் மகன்கள், 1806 சிப்பாய் கிளர்ச்சிக்குப் பிறகு கொல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

புலி லண்டனுக்குப் போனது. 1808 முதல் கம்பெனியின் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, பக்கத்து நூலகத்தில் படித்தவர்கள் சத்தம் தாங்காமல் புலம்பினார்கள். ஒருகட்டத்தில் கைப்பிடியே காணாமல் போய்விட்டது! 1880 வாக்கில் இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு மாறியது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் குண்டு விழுந்து கூரை சரிந்ததில் புலி நூற்றுக்கணக்கான துண்டுகளானது. பொறுமையாக ஒட்டி, 1947-க்குள் மறுபடி பார்வைக்கு வைத்தார்கள். இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பார்வையாளர்கள் யாரும் சுற்ற முடியாது.