பட்டர்வொர்த்தில் இருந்து தனியாகப் பறந்த விமானி

1941 டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை பிற்பகல். பட்டர்வொர்த் விமானத் தளத்தில் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் தயாராக நிற்கின்றன. சயாம் நாட்டின் சிங்கோராவில் ஜப்பானியர் பிடித்து வைத்திருக்கும் விமானத் தளத்தைத் தாக்க வேண்டும் என்பது கட்டளை. முதல் விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பியது. அதை ஓட்டியவர் ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப். வயது 28.

அடுத்த விமானம் எழும்புவதற்குள் ஜப்பானிய விமானங்கள் வந்து விட்டன. சில நிமிடங்கள்தான். தரையில் நின்றவை எல்லாம் எரிந்தன, அல்லது பறக்க முடியாதபடி சேதமடைந்தன. வானத்தில் வட்டமிட்டபடி ஸ்கார்ஃப் அதைப் பார்த்துக் கொண்டிருந்தார். அவரோடு சேர்ந்து போக வேண்டிய கூட்டம் அவர் கண் முன்னாலேயே இல்லாமல் போய் விட்டது.

அந்த நேரத்தில் அவர் தரையிறங்கி இருந்தாலோ, வேறு தளத்தைத் தேடிப் போயிருந்தாலோ யாரும் குறை சொல்லி இருக்க மாட்டார்கள். கூட்டமாகப் போடப்பட்ட திட்டம் அது. கூட்டம் கலைந்தால் திட்டமும் கலைந்தது என்பதுதான் நியாயம். ஆனால் அவர் விமானத்தின் மூக்கை வடக்கே திருப்பினார்.

சிங்கோரா என்றால் ஏதோ தொலைதூர ஊர் என்று நினைக்க வேண்டாம். ஹாட்யாய்க்குப் போய் வரும் நம்மவர்களுக்குத் தெரிந்த சொங்க்லாதான் அது. பட்டர்வொர்த்தில் இருந்து வான்வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர்.

ஆர்தர் ஸ்டூவர்ட் கிங் ஸ்கார்ஃப், 1913 ஜூன் 14-ஆம் தேதி இலண்டனின் விம்பிள்டன் பகுதியில் பிறந்தவர். அங்கேயே படித்தார். 1936-இல் பிரிட்டிஷ் அரச விமானப் படையில் சேர்ந்தார். நண்பர்கள் அவரைப் போங்கோ என்று செல்லமாக அழைப்பார்கள். முதலில் ஓட்டியது இரட்டை இறக்கை அடுக்கு கொண்ட ஹேஃபோர்ட் என்ற பழைய குண்டுவீச்சு விமானம். பிறகு 62-ஆவது விமானப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். 1939-இல் அந்தப் பிரிவு சிங்கப்பூருக்கு வந்தது. 1941 தொடக்கத்தில் கெடாவின் அலோர் ஸ்டாருக்கு அனுப்பப்பட்டது. அவருடைய மனைவி எலிசபெத், எல்லாரும் அழைத்தது சாலி என்று. அலோர் ஸ்டார் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்தார்.

அந்தக் காலத்து மலாயாவின் விமான பலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலாயாவைக் காக்க 336 விமானங்களாவது வேண்டும் என்று இலண்டனில் இருந்த படைத் தலைவர்களே கணக்குப் போட்டிருந்தார்கள். போர் தொடங்கிய அன்று கையில் இருந்தவை 158. அவற்றிலும் பல பழையவை. பிளென்ஹைம் 1930-களின் நடுவில் வந்தபோது அதன் வேகத்தைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது உண்மைதான். அன்றைய பிரிட்டிஷ் சண்டை விமானங்களையே முந்தியது. ஆனால் 1941-இல் அது பழங்கதை. இரண்டு இயந்திரங்கள், மூன்று பேர், முன்பக்கம் ஓர் இயந்திரத் துப்பாக்கி, முதுகில் சுழலும் கூண்டுக்குள் இன்னொன்று. அவ்வளவுதான். சண்டை விமானங்கள் துணைக்கு வராமல், பகல் வெளிச்சத்தில், எதிரியின் தளத்துக்கு மேல் அதைக் கொண்டு போவது ஏறக்குறையத் தற்கொலைக்குச் சமம். அன்று நண்பகல் வாக்கில் இதே சிங்கோராவுக்குப் போன வேறொரு பிளென்ஹைம் குழுவில் பாதி விமானங்கள் திரும்பவில்லை.

அதற்கு முந்தைய நாள்தான் ஜப்பானியர் கோத்தா பாருவிலும் சிங்கோராவிலும் பட்டானியிலும் கரை இறங்கி இருந்தார்கள். அன்றே அலோர் ஸ்டார் விமானத் தளத்தையும் குண்டு வீசிச் சிதைத்தார்கள். 62-ஆவது பிரிவு மிச்சம் இருந்ததைத் தூக்கிக் கொண்டு பட்டர்வொர்த்துக்கு ஓடி வந்தது. பிற்காலத்தில் ஆஸ்திரேலியர்கள் தங்கி இருந்த, இன்று மலேசிய அரச விமானப் படையின் வசம் உள்ள அதே தளம்தான். ஓடி வந்த மறுநாளே அங்கேயும் இந்தக் கதி.

ஸ்கார்ஃப் மட்டும் அந்த விமானத்தில் இல்லை. வழிகாட்டியாக பேடி கால்டர், துப்பாக்கி வீரராக சிரில் ரிச் இருந்தார்கள். இருவருமே ஃபிளைட் சார்ஜண்ட்கள். தன் உயிரோடு சேர்த்து அந்த இரண்டு உயிர்களையும்தான் ஸ்கார்ஃப் அழைத்துப் போனார். அது சரியா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

சிங்கோராவுக்கு மேலே ஜப்பானிய சண்டை விமானங்கள் காத்திருந்தன. அவற்றுக்கு நடுவே நேராகப் பறந்து குண்டுகளைப் போட்டார். திரும்பும் வழியில் துரத்தல் தொடங்கியது. மரங்களின் தலையை உரசும் அளவுக்கு விமானத்தைத் தாழ்த்தி, மலைகளையும் காட்டையும் மறைவாக வைத்து ஓட்டினார். ரிச் பின்னால் இருந்து சுட்டுக் கொண்டே இருந்தார். ஆனால் குண்டுகள் விமானத்தைத் துளைத்தன. ஸ்கார்ஃபின் இடது கை சிதைந்தது. முதுகிலும் பலத்த காயம். இரத்தம் நிற்கவில்லை. மலாயா எல்லை வரை எதிரி விடவில்லை.

எல்லையைக் கடந்த பிறகும் ஓட்ட வேண்டிய தூரம் பாக்கி இருந்தது. அவரால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. ரிச் பின்னால் நின்று அவரைக் கட்டிப் பிடித்து நிமிர்த்தி வைத்தார். கால்டர் பக்கத்தில் இருந்து விமானத்தைச் செலுத்த உதவினார். மூன்று பேர் சேர்ந்து ஓர் ஆளாக ஓட்டினார்கள் என்றே சொல்ல வேண்டும். நினைவு தப்பித் தப்பி வந்தது. பட்டர்வொர்த் வரை தாங்காது. வழியில் இருப்பது அலோர் ஸ்டார். முந்தைய நாள் கைவிட்டு வந்த ஊர். மனைவி வேலை செய்யும் ஊர்.

அங்கே ஒரு நெல் வயலில், சக்கரங்களை இறக்காமல், வயிற்றால் சறுக்கி விமானத்தை நிறுத்தினார். கால்டருக்கும் ரிச்சுக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

என்னைக் கேட்டால், சிங்கோராவுக்குப் போனதைவிட இதுதான் பெரிது. அவர் போட்ட குண்டுகள் போரின் போக்கை மாற்றவில்லை. டிசம்பர் 12-ஆம் தேதி இரவே ஜித்ராவில் இருந்து பிரிட்டிஷ் இந்தியப் படை பின்வாங்கியது. அடுத்த நாள் அலோர் ஸ்டார் ஜப்பானியர் கைக்குப் போனது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் விழுந்தது. ஆனால், தன்னை நம்பி வந்த இரண்டு பேரையும் உயிரோடு தரையில் இறக்கி விட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். மேலே கேட்ட கேள்விக்கு அவரிடம் இருந்த பதில் அதுவாகத்தான் இருக்கும்.

மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே பணியில் இருந்தார் சாலி. காலையில் வேலைக்கு வந்த பெண், மாலையில் தன் கணவனையே காயம்பட்டவர்களில் ஒருவராகப் பார்க்கிறார். அவருக்கு ஏற்ற இரத்தம் சாலியின் இரத்தம்தான். உடனே கொடுத்தார். போதவில்லை. மருத்துவமனைக்கு வந்த இரண்டு மணி நேரத்தில் ஸ்கார்ஃப் இறந்து போனார்.

பிறகு அந்தச் செய்தி அப்படியே அமுங்கிப் போனது. படைகள் தெற்கே ஓடிக் கொண்டிருந்தன. ஆவணங்கள் பல தொலைந்தன. நடந்ததை அறிந்தவர்களில் பலர் சிறை முகாம்களில் மாட்டிக் கொண்டார்கள். போர் முடிந்த பிறகுதான் முழு விவரமும் வெளியே வந்தது. 1946 ஜூன் 21-ஆம் தேதி, வீரத்துக்கான பிரிட்டனின் மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் ஸ்கார்ஃபுக்கு அறிவிக்கப்பட்டது. நாலரை ஆண்டுகள் கழித்து. பக்கிங்ஹாம் அரண்மனையில் சாலி அதைப் பெற்றுக் கொண்டார். கால்டருக்கும் பதக்கம் வழங்கப்பட்டது.

2022-இல் அந்த விக்டோரியா கிராஸ் ஏலத்துக்கு வந்தது. வெளிநாட்டுக்குப் போய் விடாமல் பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. கடைசியில் 660,000 பவுன் கொடுத்து அரச விமானப் படை அருங்காட்சியகம் வாங்கியது. இப்போது அது பிரிட்டனிலேயே இருக்கிறது.

ஸ்கார்ஃப் இங்கேதான் இருக்கிறார். போருக்குப் பின்னர், ஆங்காங்கே அவசரத்தில் புதைக்கப்பட்டவர்களை எல்லாம் எடுத்து வந்து தைப்பிங்கில் ஒரு போர்க் கல்லறையை அமைத்தார்கள். ஏரிப் பூங்காவைத் தாண்டி புக்கிட் லாருட் மலையடிவாரத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள். அவற்றில் 500-க்கும் மேற்பட்டவற்றில் பெயர் இல்லை. சாலையின் ஒரு பக்கத்தில் கிறிஸ்துவர்கள். அங்கே ஸ்கார்ஃபின் கல்லில் விக்டோரியா கிராஸ் சின்னம் பொறிக்கப்பட்டிருக்கும். மறுபக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் வீரர்கள். தைப்பிங் போகிறவர்கள் இரண்டு பக்கமும் இறங்கிப் பார்க்கலாம்.