நஞ்சின் சுவடு கண்ட ஜேம்ஸ் மார்ஷ்

வெள்ளைப் பாடாணம் உணவிற் கலந்தால் நாவுக்குப் புலப்படாது. இறந்தவன் வயிற்றிலே தேடினும் எளிதில் அகப்படாது. அக்கொடிய நஞ்சை மன்றிலே வெளிப்படுத்தியவர் ஜேம்ஸ் மார்ஷ் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர்.

1794ஆம் ஆண்டிற் பிறந்த இவர், வூலிச் நகரின் அரச படைக்கலச் சாலையிற் பணியாற்றினார். 1830களின் தொடக்கத்தில், பாட்டனாருக்குக் கோப்பியில் நஞ்சிட்டதாகப் பேரன்மீது வழக்கு எழுந்தது. மார்ஷின் சோதனையில் பாடாணத்துக்குரிய மஞ்சள் வீழ்படிவு தோன்றியது. யூரிமார் காணுமுன் அது சிதைந்துபோயிற்று. பேரன் விடுதலை பெற்றான்.

அத்தோல்வியே அவரைத் தூண்டிற்று. 1836இல் புதிய முறையொன்றை வெளியிட்டார். ஐயத்துக்குரிய பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்தால் பாடாணம் வாயுவாகி எழும். அவ்வாயுவைக் கொளுத்திச் சுவாலையிற் குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால், கருமையாய் மின்னும் படலம் படியும். அது விரைவில் அழியாது, யாவரும் காணலாம். 1840இல் பிரான்சின் லஃபார்ஜ் வழக்கில் ஓர்ஃபிலா என்னும் பேரறிஞர் இம்முறையையே கையாண்டார். மார்ஷோ 1846இல் வறியவராய் மறைந்தார்.

பாடாணம் பிற்காலத்தில் லூயிசைற்று என்னும் போர்நஞ்சிலும் புகுந்தது. அதன் சுவட்டைக் குருதியிலும் சிறுநீரிலும் தேட இன்று மிக நுண்ணிய கருவிகள் உள. ஆயினும் மன்னார்க் கரையில் வாழும் நாம் ஒன்றை மறத்தலாகாது. நாம் உண்ணும் மீனிலும் நண்டிலும் பாடாணம் இயல்பாகவே உண்டு. அதன் பெரும்பகுதி தீங்கற்ற வடிவினது. உண்டவரின் சிறுநீரிலும் அது தோன்றும். வகைபிரித்து அறியாவிடின், மீனுண்டவன் நஞ்சுண்டவனாவான். குற்றமற்றவன்மீது பழி விழும். நஞ்சு உளதெனக் காட்டினார் மார்ஷ். எவ்வகை நஞ்செனத் தெளிதல் அவர்வழி வந்தோர் கடன்.