அட்டாரா கச்சேரி எழுப்பிய ஆர்க்காட்டார்

பெங்களூரில் விதான சௌதாவுக்கு எதிரே, கப்பன் பூங்காவை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு, செந்நிறம் பூசி நீண்டு கிடக்கும் ஈரடுக்கு மாளிகையை அறியாதார் இலர். அது கருநாடக உயர் நீதிமன்றம். வழக்குடையோரும் வழக்கறிஞரும் நாள்தோறும் அதன் படிகளில் ஏறி இறங்குகின்றனர். ஆயினும் அதைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் ஒரு தமிழர் என்பதையும், அவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்பதையும் நம்மவருள்ளேயே பலர் அறியார். ஆஸ்டின் டவுனில் வாழும் நமக்கு அக்கட்டடம் தொலைவில் இல்லை. அவர் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுதப் புகுந்தமைக்கு அதுவே காரணம்.

முதலியார் பிறந்த ஆண்டு 1827. அப்பொழுது பெங்களூரில் தண்டு என்று நம் முன்னோர் அழைத்த பாளையம் தோன்றி இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. சீரங்கப்பட்டணத்துக் காய்ச்சலுக்கு அஞ்சி ஆங்கிலேயர் தம் படையை 1809-ஆம் ஆண்டையொட்டி இங்கே கொணர்ந்தனர். படையைத் தொடர்ந்து வடார்க்காட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் தமிழர் வந்தனர். சிப்பாய்கள், கொத்தர், தச்சர், துணி வெளுப்போர், சமையற்காரர், சிறு வணிகர் எனப் பலரும் வந்து குடியேறினர். இன்று தண்டுப் பகுதியில் தமிழ் ஒலிப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. முதலியாரின் பெயர்முன் நிற்கும் ஆர்க்காடும் அந்த வழியையே காட்டுகிறது.

அவர் வறிய குடும்பத்தில் பிறந்தவர். வாழ்க்கையைத் தொடங்கியது உப்பு வாணிகத்தில். இன்று உப்பு விற்றுப் பணக்காரரானார் என்றால் நகைப்போம். அன்றைய நிலை வேறு. சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு கும்பினியாரின் ஏகபோகமாக இருந்தது. கடற்கரை அளங்களில் விளைந்த உப்பு, மலைச்சரிவு ஏறி மைசூர்ச் சீமைக்கு மாட்டு வண்டியிலும் பொதிமாட்டிலும் வரவேண்டும். சென்னையிலிருந்து பெங்களூருக்கு இருநூறு மைலுக்கு மேல். மழையில் நனைந்தால் சரக்குக் கரைந்து போகும். மாடு நோயுற்றால் முதலும் போகும். அத்தொழிலில் நின்று நிலைத்தவர் கணக்கும் துணிவும் ஒருங்கே உடையவராக இருந்திருத்தல் வேண்டும். பின்னர் அவர் மைசூர் ஹால் என்னும் பெயரில் கடை நடத்தி, படிப்படியாகப் பெரிய வணிகரானார்.

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் கழிக்கும் நமக்கு இங்கே ஒன்று சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. தென்னாட்டின் முதல் ரயில் 1856 ஜூலை மாதம் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு ஆர்க்காட்டுப் பகுதியில் உள்ள வாலாஜா ரோடு வரை சென்றது. சோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டு நிலையத்துக்கு 1864-இல் ரயில் வந்தது. நாட்கணக்கில் வண்டிமாடு நடந்த வழி ஓரிரவுப் பயணமாயிற்று. மாட்டு வண்டியை நம்பிய வணிகர் பலர் அதனால் நொடித்திருப்பர். நம் முதலியாரோ அதே ஆண்டில் தொடங்கிய வேறொரு பெரும் பணியில் கை வைத்தார். அதுதான் அட்டாரா கச்சேரி.

மைசூர் இராச்சியம் 1831 முதல் ஆங்கிலக் கமிஷனர்களின் ஆட்சியில் இருந்தது. அரசாங்க அலுவலகங்கள் கோட்டையருகே திப்பு சுல்தானின் அரண்மனையில் நடந்தன. ஹைதர் 1781-இல் தொடங்கித் திப்பு 1791-இல் முடித்த அந்த மரமாளிகையில் கோப்புகளும் குமாஸ்தாக்களும் நெருக்கியடித்துக் கிடந்தனர். கமிஷனர் பௌரிங் துரை காலத்தில் புதிய மாளிகை எழுப்ப முடிவாயிற்று. தலைமைப் பொறியாளர் சாங்கி துரை. பின்னாளில் மல்லேசுவரத்துக்கு அருகே ஏரி வெட்டி அதற்குத் தம் பெயரை விட்டுச் சென்றவர் இவரே. கட்டும் ஒப்பந்தம் முதலியாருக்குக் கிடைத்தது.

பணி 1864 முதல் 1868 வரை நடைபெற்றது. சிமெண்டு இந்நாட்டில் வழங்காத காலம். சுண்ணாம்பை அரைத்துச் சாந்தாக்கிக் கல்லையும் செங்கல்லையும் கட்ட வேண்டும். நடுவிலும் இரு கோடியிலும் கிரேக்க முறைத் தூண்கள் தாங்கும் முகமண்டபங்கள், அவற்றை இணைக்கும் நீண்ட தாழ்வாரங்கள் என விரிந்த கட்டடம் அது. ஒப்பந்தக்காரரின் கவலை தூணழகில் மட்டும் இராது. கூலியாட்களுக்கு வாரந்தோறும் கூலி கொடுத்தாக வேண்டும். சர்க்காரின் பணமோ அளந்து பார்த்துக் கையெழுத்தான பின்னரே வரும். இடையில் தம் முதலைப் போட்டுத் தாங்குபவரால்தான் இத்தகைய வேலையை முடிக்க இயலும். பில் பாஸாகும் வழியை அறிந்த அன்பர்களுக்கு இதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பதினெட்டு இலாகாக்கள் அங்கே குடிபுகுந்தன. இந்துஸ்தானியில் அட்டாரா என்றால் பதினெட்டு. கச்சேரி என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது சங்கீதம். அன்று அது அரசாங்க அலுவலகத்தின் பெயர்.

பொருள் சேர்ந்தது. சேர்ந்த பொருளை அவர் என்ன செய்தார் என்பதில்தான் அவர் பெருமை இருக்கிறது. 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாப் பள்ளி ஒன்றைத் தண்டில் தொடங்கினார். படைக்கும் துரைமாருக்கும் ஊழியம் செய்தோரின் மக்கள் அந்நாளில் பள்ளிக்குச் செல்ல விரும்பினால் பெரும்பாலும் கிறித்துவச் சங்கத்தாரின் பள்ளிகளையே நாட வேண்டியிருந்தது. வணிகர் ஒருவர் தம் கைப்பொருளைக் கொண்டு பள்ளி நடத்துவது அன்று அரிதான செயல்.

மூன்றாண்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடுமையில் மைசூர்ச் சீமையில் மட்டும் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அது மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. வடார்க்காடும் சேலமும் அவ்வாறே வாடின. அந்தப் பஞ்சத்தின் நடுவிலே, 1877 ஜனவரி முதல் நாள் டில்லியில் தர்பார் கூட்டி விக்டோரியா மகாராணிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டினர். முதலியாருக்கு ராய் பகதூர் பட்டம் கிடைத்ததும் அவ்வேளையிலேதான். பட்டத்தைவிட, அக்காலத்தில் ஏழைகளின் பள்ளி மூடாமல் நடந்ததையே நாம் பெரிதாக எண்ணுகிறோம்.

பஞ்சமர் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் அவர் பள்ளி வைத்தார். எல்லாருடனும் ஒரே பலகையில் அமர்த்தாமல் தனிப்பள்ளியாக வைத்தது குறையே. இன்றைய கண்கொண்டு பார்ப்போர்க்கு அது உறுத்தும். ஆனால் அவர்கள் தெருவில் நடப்பதையே பொறாத ஊர்கள் மலிந்த காலத்தில், சாதி இந்து ஒருவர் அவர்கள் கையில் சிலேட்டுப் பலகை கொடுத்தார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாறு எழுத்தறிந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தண்டுப் பகுதியில் இருக்கக்கூடும்.

தமக்குப் பின் இத்தருமம் நின்றுவிடலாகாது என்று கருதி, 1883-இல் தம் பெயரால் கல்வி அறநிலையம் ஒன்றை நிறுவினார். செல்வர் பலர் வாழ்நாளில் கொடுப்பர். கண் மூடியதும் பங்காளிகள் நீதிமன்றம் ஏறுவர். பத்திரம் எழுதிவைத்த இந்த முன்யோசனை, உப்புக் கணக்கிலும் கட்டடக் கணக்கிலும் பழகிய கையிலிருந்து வந்தது. 1910-இல் அவர் மறைந்தார்.

அவர் எழுப்பிய மாளிகைக்கு ஒரு கண்டம் இருந்தது. 1956-இல் விதான சௌதா எழுந்து செயலகம் அங்கே சென்ற பின்னர், பழைய கட்டடம் முற்றிலும் நீதிமன்றத்துக்காயிற்று. இடம் போதவில்லை என்று 1982-இல் அதை இடித்துவிடும் எண்ணம் தோன்றியது. நகரத்துக் குடிமக்கள் சிலர் முன்வந்து வழக்குத் தொடுத்தனர். கட்டடத்தின் தலைவிதி அக்கட்டடத்தினுள்ளேயே விசாரிக்கப்பட்டது! அந்தக் குடிமக்களுள் பலர் தமிழரல்லர். கன்னட நாட்டின் பழம்பெருமை என்றே அதைக் காக்க வந்தனர். மாளிகை இடிபடாமல் தப்பியது. முன்னே பல காலம் நின்ற கப்பன் துரையின் குதிரைச்சிலையை 2020-இல் பூங்காவினுள் பெயர்த்து வைத்தனர். கட்டடம் தன்னிடத்தில் நிற்கிறது.

முதலியாரின் பள்ளி, உயர்நிலைப் பள்ளியாகவும் கல்லூரியாகவும் வளர்ந்து, அல்சூர் ஏரிக்கு அருகே நடைபெறுகிறது. 2023-இல் அதற்கு நூற்றைம்பது வயது நிறைந்தது. 2009-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைக் காணச் செல்லும் அன்பர்கள் அப்பள்ளியையும் ஒருமுறை பார்த்து வரலாம். ஊரார் அதை ஆர்.பி.ஏ.என்.எம். என்றே அழைக்கின்றனர். அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் அந்த ஐந்தெழுத்தின் விரிவைப் பெற்றோர் இப்படிச் சொல்லி வைக்கலாம்: ராய், பகதூர், ஆர்க்காடு, நாராயணசாமி, முதலியார்.