கால் வளையம் சொன்ன கதை: பறவை மேதை சலீம் அலி

ஐப்பசி பிறந்து மழைக்காலம் தொடங்கியதும், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்துக்குத் தூரதேசத்து விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று நீளும் பாக் ஜலசந்திக் கரையின் சேற்றிலே, அலை வடிந்த நேரத்தில், உள்ளான் குருவிகள் கூட்டம் கூட்டமாக இரை பொறுக்கும்.

அவற்றிலே வளைமூக்கு உள்ளான் என்று ஒன்று. அதன் எடை சுமார் 60 கிராம். ஒரு கோழி முட்டையின் கனம்தான்! அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதோ சைபீரியாவின் வடகோடியில். தாயும் தந்தையும் முதலில் புறப்பட்டுவிடும். சில வாரங்கள் கழித்துக் குஞ்சுகள் தாமாகவே கிளம்பி, ஆயிரக்கணக்கான மைல் பறந்து தெற்கே வந்து சேரும். அவற்றுக்கு வழி காட்டியது யார்?

கடலுக்குள் திமிங்கிலம் செய்கிற அதிசயமும் இதுதான். கரையே தெரியாத மகா சமுத்திரத்தில், பல நூறு மைல் தூரம் நூல் பிடித்தாற்போல அது நேர்கோட்டில் நீந்துகிறது.

பறவைகளின் இந்த ரகசியத்தைத் தேடித் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு வந்தவர்தான் சலீம் அலி.

அநாதைச் சிறுவன்

1896 நவம்பர் 12-ம் தேதி பம்பாயில் பிறந்தவர் அவர். குடும்பத்தில் கடைக்குட்டி. மூன்று வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தார். வளர்த்தவர் மாமா அமீருத்தீன் தயாப்ஜி.

சிறுவன் கையில் ஒரு விளையாட்டுத் துப்பாக்கி இருந்தது. ஒரு நாள் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். எடுத்துப் பார்த்தால், கழுத்திலே மஞ்சள் திட்டு! இது என்ன குருவி? மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே காரியதரிசியாக இருந்த மில்லார்டு துரை, சிறுவனைக் கடிந்துகொள்ளவில்லை. குருவியின் பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். அன்றே சிறுவனின் வாழ்க்கை முடிவாகிவிட்டது.

ஆனால் பாதை எளிதாக இல்லை. பர்மாவில் தமையனாரோடு சுரங்கத் தொழில் பார்த்தார், அது நிலைக்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் சர்க்கார் விலங்கியல் துறையின் வேலை கைநழுவியது. பம்பாய் அருங்காட்சியகத்தில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. விடுப்பில் ஜெர்மனிக்குப் போய், பெர்லினில் ஸ்ட்ரெசெமான் என்ற பேராசிரியரிடம் பயின்றார். ஹெலிகோலாந்து தீவில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டும் வித்தையையும் கற்றார். 1930-ல் ஊர் திரும்பினால், பணமில்லை என்று அந்த உத்தியோகத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள்!

அவர் சோர்ந்துவிடவில்லை. கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் குடியேறி, தூக்கணாங்குருவி கூடு கட்டும் விதத்தை நாள் முழுதும் உட்கார்ந்து கவனித்தார். பிறகு ஐதராபாத், திருவாங்கூர், கொச்சி எனச் சமஸ்தானம் சமஸ்தானமாகப் போய்ப் பறவைகளைக் கணக்கெடுத்தார். சம்பளம் கேட்கவில்லை, வழிச்செலவு போதும் என்றார். துணைநின்ற மனைவி தெஹ்மினா 1939-ல் காலமானார். அந்தத் துயரத்துக்குப் பிறகு 1941-ல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது.

கோடியக்கரையில்

1957-ல் மைசூர் ராஜ்யத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தன. மனிதர்களையும் காய்ச்சல் வாட்டியது. உண்ணி பரப்பிய நோய் அது. ரஷ்யாவில் கண்ட ஒரு நோய்க் கிருமியை அது ஒத்திருந்தது. அப்படியானால் வடக்கேயிருந்து வரும் பறவைகள்தான் உண்ணியைச் சுமந்து வந்தனவோ? உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகம். அதன் துணையோடு 1959-ல் சலீம் அலி வளையமிடும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கினார்.

கோடியக்கரை அதற்கு முக்கிய களமாயிற்று. வலையில் சிக்கிய பறவையைப் பதமாக எடுத்து, அலுமினிய வளையம் மாட்டிப் பறக்க விடுவார்கள். வளையத்தில் ஓர் எண். கண்டால் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்ற வாசகம். அவ்வளவுதான். அந்த வளையங்கள் சில ரஷ்யாவிலிருந்து பதிலாகத் திரும்பி வந்தன! சில பறவைகள் மறு ஆண்டும் அதே இடத்துக்கு வந்து அகப்பட்டன. பறவைகள்தான் அந்த நோயைக் கொண்டுவந்தன என்பது மட்டும் நிலைநாட்டப்படவில்லை.

ஆனால் பழி வந்தது. ஆராய்ச்சிக்கு அமெரிக்க ராணுவத்தின் பணமும் சேர்ந்திருந்ததால், இது கிருமி யுத்தத்துக்கான முஸ்தீபோ என்ற கேள்வி 1970-களில் எழுந்தது. பாராளுமன்றக் குழுவும் ஆராய்ந்தது. வாழ்நாள் முழுவதும் பறவைக்காக உழைத்தவருக்கு அது ஆறாத வேதனை. எனினும் வேலையை விடவில்லை.

அவர் 1962-ல் எடுத்துக்காட்டிய கோடியக்கரை, 1967-ல் சரணாலயமாயிற்று. ரிப்ளேயுடன் எழுதிய பத்துத் தொகுதிப் பறவை நூல் 1974-ல் நிறைவெய்தியது. 1976-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. பால் கெட்டி பரிசாக வந்த பெரும் தொகையை இயற்கைப் பாதுகாப்புக்கே கொடுத்துவிட்டார். 1987-ல், 90-வது வயதில், மறைந்தார்.

வழிகாட்டி யார் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்திருக்கிறது. பகலில் சூரியன், இரவில் நட்சத்திரம், எப்போதும் பூமியின் காந்த சக்தி, இவற்றோடு பிறவியிலேயே அமைந்த திசையுணர்வு. திமிங்கிலத்துக்கும் காந்த சக்தி உதவுவதாக விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். மீதிப் பாதி இன்னும் புதிர்தான்.

மணமேல்குடிப் பக்கம் போகிறவர்கள், சேற்றில் ஓடும் உள்ளானின் காலைச் சற்று உற்றுப் பார்க்கட்டும். ஒரு வளையம் மின்னினால், மஞ்சள் கழுத்துக் குருவிக்குப் பெயர் கேட்டுப் போன அந்தச் சிறுவனின் வேலை இன்னும் நடக்கிறது என்று அர்த்தம்.